கொண்டலைக் கூப்பிட்ட கப்ளர்

ஆமைக்குடாவில் காற்று எப்போது வரும் என்று கேட்டால் யாரும் கடலைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள், சலேத்தம்மாளின் மீன் வேனைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அப்படி ஒரு காலம் அந்த ஊருக்கு வாய்த்திருந்தது, இதில் நான் கூட்டியதும் இல்லை குறைத்ததும் இல்லை, அந்தக் கரை மணலை மிதித்தவர் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம்.

வேன் பழசு. சப்பை மூக்கு, உப்புக் காற்று அரித்த தகரம், இடது கதவில் கண்ணாடி போய் அந்த இடத்தில் தார்ப்பாய்த் துண்டு ஒன்று கட்டியிருக்கும். வலது பக்கம் சலேத்தம்மாள் உட்கார்ந்தால் வேனுக்கு ஒரு பலம் வந்துவிடும். இருபது வருஷமாக அதே கை, அதே ஸ்டியரிங். ஏலக்கொட்டகைக்கு முன்னால் எப்போதும் வடக்கே பார்த்துத்தான் நிறுத்துவாள். அப்படி நிறுத்தினால் வலது பக்கம் கடல், இடது பக்கம் கரை. அதனால் அந்த ஊரில் வேனுக்கு இடது வலது என்று யாரும் சொன்னதில்லை. கடல் பக்கம், கரைப் பக்கம், அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், பனை ஓலைகூட அசையாத புழுக்கத்தில், கருவாட்டுப் பெண்கள் முந்தானையால் முகத்துக்கு வீசிக்கொண்டும் வெயிலைத் திட்டிக்கொண்டும் இருந்த நேரத்தில், ஐஸ் பெட்டியைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்த சலேத்தம்மாளின் முழங்கை இண்டிகேட்டர் கம்பியில் பட்டுக் கம்பி கீழே இறங்கியது, கடல் பக்கத்து மஞ்சள் விளக்கு டிக் டிக் என்று மினுக்கியது, அந்த டிக் டிக்கைப் பிடித்துக்கொண்டு கடலிலிருந்து கொண்டல் எழும்பி வந்து எல்லார் முந்தானையையும் தூக்கிவிட்டது. சலேத்தம்மாள் கம்பியை மேலே தூக்கினாள். கரைப் பக்கத்து விளக்கு மினுக்கியது. கொண்டல் போன வழி தெரியவில்லை. மேற்கே கருவேலங்காட்டுப் பக்கமிருந்து கச்சான் காய்ந்து வீசியது.

யாரும் மயங்கி விழவில்லை. யாரும் சிலுவை போட்டுக்கொண்டு ஓடவில்லை. சலேத்தம்மாளின் புருஷனுக்கு அக்காளும் அந்தக் கரையிலேயே நீளமான நாக்குக்குச் சொந்தக்காரியுமான வியாகுலம்தான் முதலில் வாய் திறந்தாள்.

"நல்லதாப் போச்சு. நெத்திலி காயறதுக்கு இனிமே நாள் பாக்க வேணாம். சலேத்து, அந்தக் கரை வெளக்கு இன்னுங் கொஞ்ச நேரம் எரியட்டும்."

"பேட்டரி எறங்கிரும் மதினி."

"எறங்குனா ஏத்திக்கிரலாம். நெத்திலி அழுகுனா ஏத்த முடியுமா?"

அன்றிலிருந்து அந்த ஊர் காற்றோடு குடித்தனம் நடத்தப் பழகியது. கூட்டம் போட்டுப் பேசினார்கள். விடிந்ததும் கரை விளக்கு, வத்தைகள் பாய் விரித்துக் கடலுக்குப் போக. மத்தியானத்துக்கு மேல் கடல் விளக்கு, அவை திரும்பி வர. நடுவில் கருவாட்டுப் பெண்களுக்குக் கொஞ்சம் கச்சான். பூசை நேரத்தில் எந்த விளக்கும் கூடாது, மெழுகுவர்த்தி அணைகிறது என்று சாமியார் சொல்லிவிட்டார். பிரசவ வலி எடுத்த வீட்டுக்கு ஆள் வந்து சொன்னால் இரண்டு மினுக்கு கொண்டல், அது தர்மம். ஊருக்குள் வேன் ஓடும்போது இண்டிகேட்டர் போடக்கூடாது, கையைத்தான் நீட்ட வேண்டும்; ஒரு தடவை கோயில் திருப்பத்தில் மறந்துபோய்ப் போட்டுவிட்டு, காய வைத்த வலை ஒன்று பறந்து சிலுவைக் கோபுரத்தில் தொங்கிய கதை உண்டு. ஊர் எல்லையில் சிலுவை நட்ட குருசடியைத் தாண்டிவிட்டால் அது வெறும் இண்டிகேட்டர், காற்று அதற்குப் பிறகு மதிக்காது. மினுக்காமல் சும்மா எரிந்தாலும் மதிக்காது. கூப்பிட்டுவிட்டால் பாதிப் பகலாவது நின்று வீசிவிட்டுத்தான் போகும், விளக்கை அணைத்தாலும் போகாது. அதை வெட்ட வேண்டுமானால் எதிர்ப் பக்கத்துக் காற்றைக் கூப்பிட வேண்டும். இவ்வளவையும் அனுபவத்தில் கண்டுபிடித்துக்கொண்டார்கள், ஏன் எப்படி என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து தங்கள் காற்றையும் சேர்த்து இழுப்பதாகச் சண்டை போட்டார்கள். அவர்களுக்குப் பந்தியில் மீன் போட்டுச் சமாதானமாக அனுப்பினார்கள். அப்புறம் ஆமைக்குடாக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள், காற்றை வீட்டு வாசலில் கட்டிப்போட்ட ஊர்தான் அதைச் செய்ய முடியும்: வத்தைகளில் இருந்த எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுவிட்டார்கள். காற்று கையில் இருக்கும்போது டீசல் எதற்கு?

இந்த ஏற்பாட்டில் சேராத ஆள் ஒரே ஒருவர், சலேத்தம்மாளின் புருஷன் இஞ்ஞாசி. மேகத்தின் நிறத்தையும் நண்டு வளையையும் பார்த்தே காற்றைச் சொல்லுகிற ஆள் அவர். பெண்டாட்டி ஒரு கம்பியைத் தட்டிக் காற்றை வரவழைக்கிறாள் என்பதை அவரால் சோற்றோடு பிசைந்து விழுங்க முடியவில்லை.

"நான் கடலுக்குப் போறது என் கணக்கு. உன் வெளக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"சரிங்க. ஆனா நேத்து உங்க பாயில அடிச்சது என் கச்சான்."

"அது தானா வந்துச்சு."

"ஆமா, தானாத்தான் வந்துச்சு. சோறும் தானாத்தான் வெந்துச்சு. சாப்புடுங்க."

அவருடைய வேன் வெறுப்பு அந்த அளவில் இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்ததுகூடக் கிடையாது.

ஒரு நாள் காலையில் வத்தைகள் எல்லாம் தண்ணீருக்கு இறங்கி நிற்க, சலேத்தம்மாள் வழக்கம்போலக் கம்பியை மேலே தூக்கிக் கச்சானைக் கூப்பிட்டாள். பாய்கள் புடைத்தன. இஞ்ஞாசி திரும்பிப் பார்க்காமல் முதல் ஆளாய்ப் போனார். வத்தைகள் சின்னச் சின்னதாகி மறைந்தபோது ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம் வந்தது. கம்பியை நடுவில் விட்டாள். மினுக்குவது நிற்கவில்லை. சாவியை உருவினாள். அப்போதும் நிற்கவில்லை. டிக் டிக் என்றது டிக்கிடிக்கி என்று வேகம் பிடித்தது, அதோடு கச்சானும் வேகம் பிடித்தது. குடிசைக் கூரை கிழக்கே சாய்ந்தது, காய்ந்த நெத்திலி வெள்ளிக் காசு போலக் கடலுக்குப் பறந்தது. பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தாள். விளக்கு அணைந்தது. கச்சான் அணையவில்லை. அத்தனை வேகமாய், அத்தனை தடவை கூப்பிட்ட காற்று, பாதிப் பகலோடு போகிற காற்றாகத் தெரியவில்லை.

கரையில் நின்ற எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் ஓடியது. எஞ்சின் இல்லை. பாயை இறக்கினாலும் இந்தக் காற்று வத்தையைத் தள்ளும். தள்ளிக்கொண்டே போனால் எல்லைக் கோடு. கோட்டைத் தாண்டினால் படகும் போச்சு, ஆளும் எந்த நாட்டுச் சிறையிலோ.

டவுனிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீசியன் தவசுமணியை வரவழைத்தார்கள். டவுன் மேற்கே இருந்ததால் பைக்கில் வந்த அவனைக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வேனிலேயே மோதிவிட்டது. பல்லில் இருந்த மணலைத் துப்பிவிட்டு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்தான்.

"அக்கா, கப்ளர் உருகிப் போச்சு."

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வஸ்துவை வெட்டி எடுத்து நீட்டினான். கம்பியிலிருந்து வருகிற வயர்களும் விளக்குக்குப் போகிற வயர்களும் கைகோர்த்துக்கொள்ளுகிற இடம் அதுதான். ஒரு பாதி மற்றப் பாதிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். இப்போது இரண்டு பாதியும் ஒன்றாய் உருகி, கருகின இட்லி மாதிரி இருந்தது.

"டைரக்ட் குடுத்துரவா? முறுக்கி டேப்பு சுத்துனா அஞ்சு நிமிஷ வேலை."

"டைரக்ட் வேணாம் தம்பி. போன வருஷம் எஃப்.சி. காட்டப் போனப்ப ஒருத்தன் டைரக்ட்தான் குடுத்தான். வெளக்கு நல்லா மினுக்குச்சு. காத்து சட்டை பண்ணல. பழைய கப்ளரை மறுபடி மாட்டுன பொறகுதான் வந்துச்சு. இதே மாதிரி ஒண்ணு மாட்டு."

தவசுமணி அவளை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை; அந்த ஊருக்கு ஏற்கெனவே பேட்டரி போட வந்தவன்தான். பெட்டியைக் கவிழ்த்தான். வெள்ளைக் கப்ளர், பழுப்புக் கப்ளர், இரண்டு பின், நாலு பின், ஆறு பின் என்று மணலில் கொட்டியது. உருகியதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான். "ஒம்பது ஓட்டை. மூணு மூணா மூணு வரிசை. ஒரு மூலை மட்டும் சரிவா வெட்டியிருக்கு, பூட்டு வயித்துல இருக்கு. அக்கா, இந்த மாடல் வர்றது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. டவுன்ல எந்தக் கடையிலயும் கெடைக்காது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வியாகுலம் மட்டும் முன்னே வந்து, "அதக் குடு இங்க" என்று கருகினதை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள். மூலையைத் தடவினாள். வயிற்றைத் தடவினாள்.

"இத எனக்குத் தெரியும். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி நான்தான் சப்பரத்தத் தொடைக்கிறேன். தேவதூதரு மிக்கேல் சம்மனசு செலைக் காலுக்கு அடியில, ஜெனரேட்டர் வயரு வந்து சேர்ற எடத்துல, இதே மாதிரி ஒண்ணு கெடக்கு. இந்த வெட்டு மூலையில வருஷா வருஷம் என் வெரலு கிழியும்."

கோயில் கமிட்டித் தலைவர் கபிரியேல் தொண்டையைக் கனைத்தார். "சப்பரத்துல இருக்குறது நேர்ந்துவிட்ட பொருள். யாரோ பழைய வேன்ல இருந்து கழட்டிக் காணிக்கையா மாட்டுனது. கமிட்டி கூடாம அதுல கை வைக்க..."

"கமிட்டியில பாதிப் பேரு கடல்ல மெதக்குறாங்க தலைவரே. கூட்டணும்னா நீந்திப் போயிக் கூட்டிட்டு வாங்க."

"திருவிழாவுக்குச் சம்மனசு இருட்டுல நிப்பாரேம்மா."

"நிக்கட்டும். இருட்டுல நிக்க அவருக்கு ரெக்கை இருக்கு. என் தம்பிக்கு என்ன இருக்கு?"

கபிரியேல் மடியிலிருந்து கோயில் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவர் மகனும் ஒரு வத்தையில் இருந்தான்.

வியாகுலம் கப்ளரை முந்தானையில் முடிந்துகொண்டு வருவதற்குள் தவசுமணி வேலையைத் தொடங்கியிருந்தான். பெரிய வயர்கள் தடிமனை வைத்தே தெரிந்தன. இண்டிகேட்டர் வயர்கள்தான் சிக்கல். உப்பு தின்று பச்சையும் மஞ்சளும் போய் எல்லாம் ஒரே வெளுப்பாக இருந்தன. "அக்கா, கம்பியக் கீழ தட்டுங்க. டெஸ்டர்ல தெரியுது, இந்த வயருதான். இதுக்கு அடையாளம் வைங்க. வலது."

"வலதுன்னா எனக்குக் கணக்கு வராது. கடல்" என்று சொல்லி சலேத்தம்மாள் அதில் நீல வலை நூலை முடிந்தாள். கம்பியை மேலே தூக்கிப் பார்த்து மற்றதில் சிவப்பு நூலை முடிந்தாள். "இது கரை."

கம்பிப் பக்கத்து வயர்கள் முடிந்தன. இனி விளக்குப் பக்கத்து வயர்கள். அந்த நேரத்தில்தான் தார்ப்பாய்த் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தது. கண்ணாடி இல்லாத இடது கதவு வழியாகக் கச்சான் மண்ணைக் கூடைகூடையாக உள்ளே கொட்டியது. தவசுமணிக்குக் கண் தெரியவில்லை. "வண்டியத் திருப்புங்கப்பா!" என்று கத்தினான். கரையில் இருந்த ஆணும் பெண்ணும் கூடி, மூச்சைப் பிடித்து, அந்த வேனை மணலில் அரைவட்டம் தள்ளித் தெற்கே பார்த்து நிறுத்தினார்கள். இப்போது கண்ணாடி உள்ள வலது கதவு காற்றுக்கு முதுகு காட்டியது, உள்ளே மண் விழுவது நின்றது. இருபது வருஷத்தில் அந்த வேன் அந்த இடத்தில் தெற்கே பார்த்து நின்றது அதுதான் முதல் தடவை, ஆனால் அதை யோசிக்கிற நிலையில் அங்கே யார் இருந்தார்கள்?

பேட்டரியை மாட்டினார்கள். தவசுமணி தலையை உள்ளே கொடுத்தபடி விளக்குப் பக்கத்து வயர் ஒன்றைத் தொட்டு, "எது எரியுது?" என்றான்.

வெளியே நின்ற சலேத்தம்மாள் பார்த்தாள். கடலைப் பார்த்திருந்த விளக்கு எரிந்தது. "கடல்!"

"நூல் கட்டுங்க!" அடுத்ததைத் தொட்டான்.

"கரை!"

கடலைக் கடலோடும் கரையைக் கரையோடும் சேர்த்துச் சம்மனசின் கப்ளரில் ஒவ்வொரு பின்னாகச் செருகினான். ஒன்பது ஓட்டையும் பொருந்தின. இரண்டு பாதியையும் அழுத்தினான். வயிற்றில் இருந்த பூட்டு க்ளிக் என்று விழுந்தது.

சலேத்தம்மாள் ஏறி உட்கார்ந்தாள். கூட்டம் வேனைச் சுற்றி நெருங்கியது. இது பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. காற்று கப்ளரில் இருக்கிறதா, வேனில் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று யார் கண்டது? ஒன்று மட்டும் தெரியும். தப்பான பக்கம் மினுக்கினால் கச்சான்மேல் கச்சானாகச் சேர்ந்துகொள்ளும், அதற்கப்புறம் வத்தைகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்க்க முடியாது. அவள் சாமி கும்பிடவில்லை. கண்ணையும் மூடவில்லை. கொண்டலுக்கு எப்போதும் தட்டுவதுபோல, கை தன் பாட்டுக்குக் கம்பியைக் கீழே தட்டியது.

டிக் டிக். டிக் டிக்.

கச்சான் ஒரு மூச்சு நின்றது. பறந்துகொண்டிருந்த மணல் இருந்த இடத்திலேயே பொத்தென்று விழுந்தது. அப்புறம் கடல் மேல் ஒரு கறுப்புக் கோடு எழுந்து கரையைப் பார்த்து வந்தது, ஈரமும் உப்புமாக, நிதானமாக, வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி கொண்டல் வந்தது. வியாகுலம் மண்ணில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், யாரைத் திட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தவசுமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா, கம்பி எங்கிட்டுத் தட்டுனீங்க?"

"கீழ. எப்பவும்போல."

"கீழ தட்டுனா வலதுல்ல எரியணும்? இடது எரியுது." வேனின் மூக்கைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான். "கம்பி வயருக்கு நூல் கட்டும்போது வண்டி வடக்கே பாத்து நின்னுச்சு. வெளக்கு வயருக்குக் கட்டும்போது தெக்கே பாத்து நின்னுச்சு. நீங்க கடல்னீங்க, கரைன்னீங்க, நானும் நம்பி அப்படியே சேத்துட்டேன். வலதும் இடதும் மாறிப்போச்சுக்கா."

சலேத்தம்மாள் கம்பியில் வைத்த கையை எடுக்காமல் யோசித்தாள். வயரை ஒழுங்காக மாட்டியிருந்தால், தெற்கே பார்த்து நின்ற வேனில், பழக்கத்தில் கீழே தட்டிய கை வலது விளக்கை மினுக்கியிருக்கும். வலது விளக்கு இருந்ததோ கரைப் பக்கம். கச்சானைத்தான் இன்னொரு தடவை கூப்பிட்டிருப்பாள். வயரும் தப்பு, கையும் தப்பு; இரண்டும் ஒன்றையொன்று நேராக்கிவிட்டன. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு பின்னு தானக்கா. உருவி மாத்திச் செருகிரவா?"

"கை வச்சே, வெரலை ஒடிச்சிருவேன்" என்றாள் சலேத்தம்மாள்.

வெயில் சாயும் முன்னால் வத்தைகள் வந்தன. கோட்டுக்குப் பக்கத்தில் பாயை இறக்கி, ஒன்றோடொன்று கயிறு போட்டுக் கட்டி, எல்லா நங்கூரத்தையும் சேர்த்துப் போட்டுத் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். கயிறு இழுத்து இழுத்து இஞ்ஞாசியின் உள்ளங்கைத் தோல் கிழிந்து தொங்கியது. கரையில் கால் வைத்தவர் நேராகப் பெண்டாட்டியிடம் வந்தார்.

"கொண்டல் வரும்னு எனக்குத் தெரியும். மேகத்தப் பாத்தேன்."

"மேகமா?" என்று வியாகுலம் பாய்ந்தாள். "டேய், சம்மனசு காலடியில இருந்ததப் புடுங்கிட்டு வந்து மாட்டியிருக்கோம், மேகத்தப் பாத்தானாம் மேகத்த!"

"விடுங்க மதினி" என்றாள் சலேத்தம்மாள். "மேகம்னே இருக்கட்டும். கையக் காட்டுங்க, மஞ்சப் போட்டு விடறேன்."

அந்த வருஷத் திருவிழாவில் சம்மனசு இருட்டில் நிற்கவில்லை. ஊரே ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு சப்பரத்தைச் சுற்றி நின்றது, வேன் ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஊர்க் கூட்டத்தில் இரண்டு முடிவு எடுத்தார்கள். அந்தக் கப்ளரில் யாரும் கை வைக்கக்கூடாது, வேன் இனித் தெற்கே பார்த்தே நிற்கட்டும் என்பது ஒன்று. எல்லா வத்தைக்கும் மறுபடி எஞ்சின் வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. காற்று நம் சொல் கேட்கிறது, சரி. அதற்காக அதன் தலையிலேயே முழுப் பாரத்தையும் வைப்பதா என்று கேட்டார் கபிரியேல்.

சலேத்தம்மாளின் கை மட்டும் மாறமாட்டேன் என்றது. வலது பக்கம் திரும்ப அது பழையபடி கீழேதான் தட்டும், இடது விளக்குத்தான் மினுக்கும். குருசடியைத் தாண்டிக் காற்று இல்லாத ரோட்டில் முதலில் பிரேக் சத்தமும் வசவுமாகத்தான் இருந்தது. அப்புறம் ஷேர் ஆட்டோக்காரர்கள் பழகினார்கள். முக்கு ரோட்டு டீக்கடையில் நிற்கிறவர்கள் பழகினார்கள். உப்பு லாரிக்காரர்கள் புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: அந்தச் சப்பை மூக்கு வேன் இடது போட்டால் வலது, வலது போட்டால் இடது. அவள் கை ரோட்டுக்கு வளையவில்லை, ரோடு அவள் கைக்கு வளைந்துகொடுத்தது.

எஞ்சின் வாங்க டவுனுக்குப் போகிற அன்றைக்கு இஞ்ஞாசி வேனில் ஏறினார். வேறு வழியில்லை, எஞ்சினைத் தலையில் தூக்கி வர முடியாது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர், முக்கு ரோட்டில் இடது விளக்கு மினுக்கிக்கொண்டே வேன் வலது பக்கம் திரும்பத் தொடங்கியதும் பதறிப்போனார்.

"ஏ சலேத்து! அங்கிட்டு மினுக்கிட்டு இங்கிட்டுத் திருப்புற! பின்னாடி லாரி!"

பின்னால் வந்த உப்பு லாரி வேகத்தைக் குறைத்து, ஹாரன்கூட அடிக்காமல், இடது ஓரமாக ஒதுங்கிப் போனது.

"லாரிக்காரரே பேசாமத்தான போறாரு" என்றாள் சலேத்தம்மாள், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபடி. "நீங்க சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க."